எழுத்துரு இல்லாத தாள்

எங்கள் அலுவலகத்தில் அவர் ஒருநாளும் பால் தேநீர் குடித்ததில்லை. முதன்முதல் வந்த அன்று, சிற்றூழியர் தட்டோடு வந்து நின்றபோது பால் கொஞ்சமாக இருப்பதைக் கண்டுவிட்டு, "எனக்குப் பால் ஒத்துக்காதுங்க, பிளேன்டீ போதும்" என்றார். அது பொய். பால் தேநீர் என்றால் அவருக்கு உயிர். சந்தைக்குப் பக்கத்துக் கடையில் அவர் அதை ஊதி ஊதிக் குடித்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் எங்களிடம் வந்துபோன காலம் முழுவதும் வெறும் தேநீர்தான்.

"டீச்சர், இண்டைக்குப் பால் நிறைய இருக்கு. எடுங்கோவன்," என்பேன்.

"வேணாம் சார். ஒத்துக்காதுன்னு சொல்லிட்டேன்ல."

"அது சும்மா சொன்னது எண்டு இங்க எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சா என்னா? சொன்னது சொன்னதுதானே."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் கோப்பையைத் தொடமாட்டார்.

தேநீரிலிருந்து தொடங்குவது எனக்கு வசதியாக இருக்கிறது. மற்றதைச் சொல்ல வாய் வருவதில்லை. இருந்தாலும் வாசிப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்க் காலத்தில், ஒரு தாளைக் கையில் வைத்திருந்ததற்காக அவரைப் பிடித்து அடைத்தார்கள். அந்தத் தாளை அச்சடித்தவன் நான். அது என்னவென்று ஐந்து நிமிடத்தில் விளக்கி அவரை வெளியே கொண்டுவந்திருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை.

அவர் மலையகத்தில், மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். கத்தோலிக்கர். கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்தார். நான் யாழ்ப்பாணத்தான். ஓர் அரச திணைக்களத்தின் கண்டிக் கிளையில் புள்ளிவிபரப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தேன். கணினி அப்போது அரிது. எங்கள் கிளையில் தமிழ் எழுத்து உள்ள கணினி ஒன்றுதான், அது என் மேசையில். பாடசாலைக் கணக்கெடுப்பு விஷயமாக வந்தவர் அதைக் கண்டுவிட்டார்.

"சார், இதுல வட்டம் போட முடியுமா? கறுப்பு வட்டம், வெள்ளை வட்டம். உள்ளுக்கு நம்பரு."

அவர் கேட்டது 'கோ' என்ற விளையாட்டுக்காக. குறுக்கும் நெடுக்கும் பத்தொன்பது கோடுகள். கோடுகள் வெட்டும் புள்ளிகளில் ஒருவர் கறுப்புக் கல்லும் மற்றவர் வெள்ளைக் கல்லும் மாறிமாறி வைத்துக்கொண்டு போவார்கள். நாலு பக்கமும் அடைபட்ட கல் செத்துப்போகும். கூடுதலான இடத்தை வளைத்தவருக்கு வெற்றி. அவருடைய பாடசாலையில் சில காலம் தொண்டராக வேலை செய்த ஜப்பானியப் பெண் ஒருத்தி அவருக்கு அதைப் பழக்கியிருந்தாள். கல்லுக்குப் பதில் சட்டைப் பொத்தான்களை வைத்து விளையாடினார்களாம். அவள் ஊர் திரும்பிய பிறகு தபாலில் தொடர்ந்தார்கள். ஒரு வான்கடிதத்துக்கு ஒரு கல்.

"கோ எண்டால் தமிழில அரசன். சதுரங்கத்தில ராசா இருக்கிறார், சரி. இதில ராசாவே இல்லையே, பிறகென்ன கோ?" என்று நான் பகிடி விட்டேன்.

"அதான் சார் எனக்குப் பிடிச்சிச்சு. ராசா கெடையாது, மந்திரி கெடையாது. எல்லாக் கல்லும் ஒரே கல்லு. யாழ்ப்பாணத்து ஆளுகளுக்கு வெளங்கக் கொஞ்சம் நாளாகும்."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம், "தோட்டத்து ஆக்களுக்கு வாய் கூடித்தான் போச்சு" என்று சொன்னேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்தத் தோழியிடம் அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: கோ விளையாட்டைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் போடுவேன் என்று. பேச்சுவாக்கில் சொன்ன வார்த்தைதான். தோழி அதை மறந்தும் இருப்பாள். இவர் சொல்லிவிட்டார் அல்லவா, அதனால் செய்தே ஆகவேண்டும். வரைபடங்களைக் கையால் வரைந்து பார்த்து அலுத்துப்போயிருந்த சமயத்தில் தோழி ஒரு டிஸ்கெட் அனுப்பினாள். அதில் சிறிய மென்பொருள் ஒன்று இருந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு ஆங்கில எழுத்து: முதலாவது குறுக்கே எத்தனையாவது கோடு, இரண்டாவது கீழே எத்தனையாவது கோடு. ஆட்டம் முழுவதையும் அப்படித் தட்டிக் கொடுத்தால், மென்பொருள் அதைப் படமாக்கி, கல்லுக்குள் எண் போட்டு, பக்கத்தில் அடங்காத ஆட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தரும். செத்த கல்லை எடுத்த இடத்தில் மறுபடி ஒரு கல் விழுந்தால் எண் போட இடமிருக்காது; அதைப் படத்துக்குக் கீழே ஒரு குறிப்பாகத் தள்ளிவிடும். அந்தக் குறிப்பின் கீழே அவருடைய தமிழ் விளக்கத்தை நான் சேர்ப்பேன்.

சனிக்கிழமைகளில் வருவார். விசைப்பலகையைத் தொடமாட்டார். "ஷாக் அடிக்கும்" என்பார், பாதி விளையாட்டாக. பக்கத்துக் கதிரையில் இருந்து, "கறுப்பு, பீ-டீ. வெள்ளை, டீ-பீ" என்று சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். கையில் குறிப்பு எதுவும் இருக்காது. எல்லா ஆட்டமும் தலைக்குள் இருந்தது. நானோ அவ்வளவு தட்டியும் அந்த விளையாட்டைக் கற்றுக்கொள்ளவே இல்லை. எந்தப் படத்தில் யார் வெல்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

சொற்களில்தான் எங்களுக்குள் சண்டை. கல்லைச் சுற்றியிருக்கும் வெற்றுப் புள்ளியை அவர் 'மூச்சு' என்றார். நான் 'சுவாசவழி' என்று போடலாம் என்றேன்.

"மூச்சுன்னா புள்ளைக்கு வெளங்கும் சார். சுவாசவழின்னா டாக்டரக் கூப்பிடும்."

'செத்த கல்' என்பதை 'இறந்த கல்' ஆக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "கல்லு என்ன கவர்னரா சார், இறக்கறதுக்கு? செத்துச்சுன்னா செத்துச்சு." ஆக, மூச்சு, செத்த கல், கடைசி மூச்சு எல்லாம் அப்படியே நின்றன. வைத்த சொல்லை அவர் மாற்றியதில்லை.

புத்தகத்தின் முதல் ஆட்டமாக அவர் கொடுத்தது தான் தோற்ற ஆட்டம். ஒரு வான்கடிதத்தில் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டாராம். கல் ஒன்றுக்கும் உதவாத இடத்தில் போய் விழுந்தது. தோழி, இது எழுத்துப் பிழை போலிருக்கிறது, திருத்திக்கொள் என்று எழுதினாள். இவர் திருத்தவில்லை. அந்தக் கல்லோடேயே ஒன்றரை வருடம் விளையாடித் தோற்றார்.

"ஏன் டீச்சர் வீண் பிடிவாதம்? அவவே திருத்தச் சொன்னவ."

"வச்சா எடுக்கக்கூடாதுங்கறதுதான் சார் சட்டம். தப்பா வச்ச கல்லுன்னு தள்ளிவிட்டா அது எங்க போவும்? அதையும் காப்பாத்தப் பாக்கணும்."

கட்டுகஸ்தோட்டைக்குப் போக வேண்டியவர் ஒருமுறை குட்ஷெட் பஸ் நிலையத்தில் கம்பளை பஸ்ஸில் ஏறிவிட்டார். கொண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டபோதுதான் தவறு தெரிந்தது. இறங்கியிருக்கலாம், பஸ் இன்னும் நகரைத் தாண்டவில்லை. இவர் மிடுக்காக "கெலிஓயா" என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் இறங்கினார். அங்கே யாரையும் தெரியாது. கடைத்தெருவில் நடந்தபோது ஓர் அச்சகம் கண்ணில் பட்டது. முஸ்லிம் ஒருவருடையது. உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். "டீச்சர், படத்த மட்டும் சரியாக்கித் தாங்க, ரெண்டு கெழமேல புத்தகத்த அடிச்சித் தாரேன்" என்று அந்த மனிதர் சொல்லிவிட்டாராம். அடுத்த சனிக்கிழமை அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. "பாத்தீங்களா சார், எறங்கியிருந்தா கெடைச்சிருக்குமா?"

அச்சகத்துக்குக் கொடுக்க நல்ல தாள் வேண்டும். என் மேசை அச்சுப்பொறியின் நாடா மங்கிப்போயிருந்தது. மேல்மாடியில் பணிப்பாளரின் அறையில் லேசர் அச்சுப்பொறி இருந்தது. அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் கணினிக்குத் தமிழ் தெரியாது. நாம் ஆங்கில எழுத்துகளைத்தான் தட்டினோம். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டுத் திரையில் காட்டியது. எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். 'கறுப்பு' என்ற சொல் அங்கே எஃப், பெரிய டபிள்யூ, ஜி, ஓர் அரைப்புள்ளி, பெரிய ஜி என்று வந்து நிற்கும். வரிக்கு வரி அப்படித்தான்.

பணிப்பாளர் இல்லாத ஒரு சனிக்கிழமை மேலே போய் அச்சடித்தேன். படங்கள் கறுகறுவென்று அழகாக வந்தன. கீழே விளக்கமெல்லாம் அந்தக் குப்பையாக வந்தது.

"என்னா சார் இது, பேயோட்டற மந்திரம் மாதிரி?"

"எழுத்துரு இல்லை டீச்சர். எழுத்தைப் பிறகு பாப்பம். இப்ப படம் சரியோ எண்டு வீட்ட கொண்டுபோய்ப் பாருங்கோ."

நகரில் குண்டு வெடித்து அதிக காலம் ஆகவில்லை. ஒவ்வொரு சந்தியிலும் பையைத் திறந்து பார்த்தார்கள். எனக்கு அது தெரியாததல்ல. அந்தத் தாளை மடித்து அவர் கையில் கொடுத்தபோது ஏன் ஒன்றும் உறைக்கவில்லை என்று இன்றைக்கும் என்னையே கேட்கிறேன். மடுல்கெல்லைக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் பிடித்தார்கள். வெசாக் பண்டிகையின் வெளிச்சக் கூடுகள் தொங்கிய வாரம்.

இரண்டு நாள் கழித்து எங்கள் அலுவலகத்துக்கு இருவர் வந்தார்கள். சீருடை இல்லை. அவர் இங்கே வந்துபோவதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். தாளை என் மேசையில் விரித்தார்கள். கட்டம் கட்டமாகக் கோடுகள். கறுப்பும் வெள்ளையுமாக எண் போட்ட வட்டங்கள். அறியாதவர் பார்த்தால் ஏதோ முகாமின் வரைபடம் என்றே நினைப்பார். கீழே சங்கேத மொழி போல வரிகள்.

அவர்களில் மூத்தவர் சிங்களத்தில் மரியாதையாகவே பேசினார். "இதை அந்த டீச்சர் தமிழ் என்கிறார். வாசிக்கச் சொன்னோம். தாளைப் பார்க்காமல் ஏதோ சொல்கிறார். எங்களுக்குச் சந்தேகம். நீங்கள் படித்தவர், தமிழர். மே தெமளத?" இது தமிழா?

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் நான் சக ஊழியர் ஒருவரின் வீட்டில், அரிசி மூட்டை அடுக்கிய அறைக்குள் ஒளிந்திருந்தவன். அந்த அறையில் நான் கற்றது ஒன்றுதான்: யார் எதைக் கேட்டாலும் முதலில் இல்லை என்பது. அதோடு, அரசாங்கக் கணினியில் தனியார் வேலை செய்திருந்தேன். இவையெல்லாம் காரணங்கள்தான். ஆனால் அந்தக் கணத்தில் நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். அவ்வளவு காலம் தட்டித் தட்டி, எழுத்துரு இல்லாமலே அந்த எழுத்துகளை வாசிக்க எனக்குப் பழகியிருந்தது. முதல் வரியில், 'கறுப்புக்கு இது கடைசி மூச்சு' என்று இருந்தது. நான் அதை வாசித்தேன். வாசித்துவிட்டு நிமிர்ந்து, "நே" என்றேன். இல்லை.

என் முதுகுக்குப் பின்னால் கணினி ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி, அந்த வரியைத் தட்டி, எழுத்துருவை மாற்றிக் காட்டியிருந்தால் அது அவர்கள் கண்முன்னே தமிழாக எழுந்து நின்றிருக்கும். அவர்கள் போன பிறகு திரும்பினேன். டிஸ்கெட்டைப் போட்டு எல்லாவற்றையும் அழித்தேன்.

போய்ச் சொல்லலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "நீங்கள் போனால் அவவை விடுவினமோ, இல்லாட்டி உங்களையும் சேர்த்து வைப்பினமோ?" என்றாள். அவளைக் குறைசொல்ல மாட்டேன். அப்படி ஒரு பதில் வரும் என்று தெரிந்துதான் அவளிடம் கேட்டேன்.

மூன்று மாதம் கழித்து, பெரஹரா ஊர்வலம் முடிந்து யானைகளை லொறிகளில் ஏற்றிக்கொண்டிருந்த நாட்களில் அவரை விட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை. அலுத்துப்போய் விட்டிருப்பார்கள். வெளியே வந்த கிழமையே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வேலை நாள், அறை நிறைய ஆட்கள். மெலிந்திருந்தார். பழைய கதிரையில் வந்து இருந்து, தணிந்த குரலில் சிரித்தார்.

"யாரு அடிச்சதுன்னு கேட்டாங்க சார். மொதல்ல வாய்ல வந்தது, நான்தான்னுட்டேன். அப்புறம் மாத்தல. ஒரு நாளு கம்பியூட்டர் முன்னுக்கு ஒக்கார வச்சு, எங்க, அடிச்சுக் காட்டுன்னாங்க. எனக்குச் சுவிட்ச் எங்க இருக்குன்னே தெரியல. அதுக்கப்புறந்தான் ரொம்பக் கஷ்டமாப் போச்சு."

நான் மேசையில் கிடந்த கோப்பொன்றைத் திறந்தேன்.

"ஒரு தமிழ் ஆளையே கேட்டோம், தமிழ் இல்லன்னுட்டாருன்னு சொன்னாங்க. யாரோ பாவம், பயந்திருப்பாரு." பிறகு கேட்டார்: "டிஸ்கெட்டு பத்திரமா இருக்குல்ல சார்?"

"வைரஸ் வந்து அழிஞ்சு போச்சு டீச்சர்."

அவர் பிறகு கதிரையை இழுத்து நெருக்கிப் போட்டார். "சரி சார். எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே. மறுபடி தட்டுவோம். மொத ஆட்டம். கறுப்பு, பீ-டீ. வெள்ளை..."

பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. யாரோ திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, சிங்களத்தில் சொன்னேன்: "இங்கே அந்த மாதிரி வேலைகள் செய்வதில்லை மிஸ். தயவுசெய்து போங்கள்."

அவரோடு அதற்கு முன் நான் ஒரு சொல்கூடச் சிங்களத்தில் பேசியதில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தத் தமிழ் ஆள் யார் என்பது அப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. அது தெரிந்ததை நானும் பார்த்தேன். அவர் எழுந்தார்.

"ஹரி, மாத்தயா," என்றார். சரி, ஐயா. கதிரையை இருந்த இடத்தில் திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

கண்டிப் பாடசாலையில் அவரை மறுபடி சேர்க்கவில்லை. மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்கு மாற்றினார்கள். எழுத்தும் எண்ணும் எழுதிய வான்கடிதங்களை அனுப்ப இனி யாருக்குத் துணிவு வரும்? தோழியோடு நடந்துகொண்டிருந்த ஆட்டம் பாதியில் நின்றிருக்கும். கெலிஓயா அச்சகத்துக்கு நான் ஒருநாளும் போகவில்லை.

சமாதானம் என்று பேசத் தொடங்கிய காலத்தில் நான் ஓய்வு பெற்றிருந்தேன். ஒரு பகல், கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் அவரைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. மடுல்கெல்லப் பக்கம் போகும் பன்வில பஸ்ஸுக்குக் காத்து நின்றார். பல வருடம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் என்னிடம் இருந்தன. கிட்டப் போனேன்.

"டீச்சர், சுகமா இருக்கிறியளோ?"

திரும்பினார். அடையாளம் தெரிந்தது. முகத்தில் கோபம் இல்லை.

"ஹொந்தின் இன்னவா, மாத்தயா." நலமாக இருக்கிறேன், ஐயா.

"அந்தத் தாள் விஷயம், டீச்சர்... நான் உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும்..."

தெரியாத மொழியில் பேசுபவரிடம் காட்டும் பொறுமையோடு அவர் கேட்டுக்கொண்டு நின்றார். நான் முடிக்க முடியாமல் நின்றேன். பிறகு விளங்கியது. என்னோடு அவருக்கு இருந்த கடைசி மொழி சிங்களம். ஒரு கல்லைப் போல அதை வைத்தவன் நான்.

நான் சிங்களம் கற்றது அலுவலகத்தில். விளக்கம் கோரவும் விண்ணப்பத்தை நிராகரிக்கவும் அதில் நன்றாக வரும். மனம் திறந்து பேச அதில் எனக்கு வார்த்தை இல்லை. தேடியபோது ஒரு சொல்தான் கிடைத்தது. நிராகரிப்புக் கடிதங்களின் முதல் வரியில் எத்தனையோ தடவை நான் போட்ட சொல்.

"கனகாட்டுய்," என்றேன். வருந்துகிறேன்.

அலுவலகக் கருமபீடத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டுத் தலையசைப்பார்களே, அப்படித் தலையை அசைத்தார். பஸ் வந்தது. ஏறி, சன்னலோரம் இருந்தார். பக்கத்தில் மடியில் மரக்கறிப் பையோடு ஒரு பெண் இருந்தாள். அவள் எதையோ கேட்டாள். இவர் அதற்குப் பதில் சொல்லிச் சிரித்தார். சன்னல் திறந்திருந்தது. பஸ் புறப்படும்வரை அவர் பேசிய தமிழ் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.